விரூபாட்ச குகைல தங்கின வெள்ளைக்காரர்

திருவண்ணாமலை மலைமேல விரூபாட்ச குகைக்குப் போனவங்களுக்குத் தெரியும், உள்ள நுழைஞ்சா ஒரே புழுக்கம், ரெண்டு நிமிஷத்துல வேர்த்துக் கொட்டும், ஆனா எழுந்து வர மனசு வராது. ரமணர் 1899-ல இருந்து 1916 வரைக்கும் அங்கதான் இருந்தார். அவர் அந்தக் குகைய விட்டுப் போய் முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு அதே குகைல ஒரு லண்டன் பையன் காவி கட்டிட்டு தங்கி இருந்திருக்கார், ஒரு ராத்திரி கையில சிவப்புத் தாமரையோட அமிதாப புத்தர் எதிர்ல தெரிஞ்சார்னு எழுதியும் வெச்சிருக்கார். இந்தக் கதை எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. சுத்த சைவ மலை, கீழ ஆசிரமத்துல ரமணர் உக்காந்திருக்கார், மேல குகைல இவருக்கு புத்தர் தரிசனம். இதை ஒரு சைகையா எடுத்துக்கிட்டு பிக்கு ஆகறதுன்னு முடிவு பண்ணி வடக்க கிளம்பிட்டார்.

அவர்தான் சங்கரக்ஷிதா. 1925-ல தெற்கு லண்டன்ல பொறந்தவர், வீட்ல வெச்ச பேரு டென்னிஸ் லிங்வுட். எட்டு வயசுல இதயத்துல கோளாறுன்னு டாக்டருங்க சொல்லி ரெண்டு வருஷம் படுக்கையிலயே போட்டுட்டாங்க, பையனுக்கு வேற என்ன வேலை, ஒரே படிப்புதான். பதினாறு வயசுல வஜ்ரச்சேதிக சூத்திரம்ங்கற புத்த நூலைப் படிச்சப்போ நான் புத்த மதத்துக்காரன்தான், எப்பவுமே அப்படித்தான் இருந்திருக்கேன்னு தோணிச்சாம். ரெண்டாம் உலகப் போர்ல பட்டாளத்துல சிக்னல் பிரிவுக்கு எடுத்து இந்தியா, இலங்கை, சிங்கப்பூர்னு அனுப்பினாங்க, போர் முடிஞ்சதும் மனுஷன் ஊருக்குத் திரும்பல. 1947 ஆகஸ்ட் 18, நாடு சுதந்திரம் வாங்கி மூணு நாள்தான் ஆகுது, வடக்க கசௌலிங்கற மலையூர்ல வங்காளி நண்பர் ஒருத்தரோட சேர்ந்து துணிய காவியில முக்கி, அடையாளப் பேப்பரையெல்லாம் அழிச்சுட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். ஊர் கேட்டா ஊர் இல்லம்பார், ஜாதி கேட்டா அதுவும் இல்லம்பார். ஜாதி கேக்காம தண்ணி குடுக்காத காலத்துல இப்படி பதில் சொல்லிட்டு சுத்தறதுக்கு ஒரு திமிர் வேணும்னுதான் எனக்குத் தோணுது, நல்ல அர்த்தத்துல சொல்றேன்.

சாரநாத்துல தீட்சை கேட்டா குடுக்கல. கையில காசில்ல, யாரு என்னன்னு தெரியாத ரெண்டு பேர், அவங்க தயங்கினதுல தப்பு சொல்ல முடியாது. மே மாச வெயில்ல குசிநகர் வரைக்கும் நடந்து போய் ஊ சந்திரமணிங்கற வயசான பர்மிய பிக்குகிட்ட 1949-ல சாமணேரர் ஆனார், அதாவது பிக்கு ஆகறதுக்கு முந்தின படி. இந்த சந்திரமணி பேரை ஞாபகம் வெச்சுக்கங்க. 1956 அக்டோபர் 14, நாக்பூர்ல அம்பேத்கர் புத்த மதத்துக்கு மாறினப்போ அவருக்கு திரிசரணம் (புத்தம், தர்மம், சங்கம் சரணம்னு சொல்றது), பஞ்சசீலம் (அஞ்சு ஒழுக்க விதி) சொல்லிக் குடுத்தவர் இவரேதான். முதல்ல அம்பேத்கர் தன்னைத்தான் கேட்டார், நாட்டுலயே மூத்த பிக்கு கையால நடக்கறதுதான் முறைன்னு தான்தான் சந்திரமணி பேரைச் சொன்னதா சங்கரக்ஷிதா பின்னாடி எழுதியிருக்கார்.

அம்பேத்கர் விஷயம்தான் இவர் வாழ்க்கையில என்னைப் பிடிச்சு நிறுத்தின இடம். அப்போ இவர் வங்காளத்து மலையூர் கலிம்பொங்ல இருந்தார், அங்கேயே பதினாலு வருஷம், திபெத்துல இருந்து தப்பிச்சு வந்த லாமாக்கள்கிட்ட படிச்சுட்டு, பத்திரிகை நடத்திட்டு, எழுதிட்டு. 1956 டிசம்பர் 6, இவர் நாக்பூர் வந்து இறங்கின அன்னைக்கே அம்பேத்கர் இறந்துட்டார்னு சேதி வருது. ஏழு வாரம் முன்னாடிதான் லட்சக்கணக்குல ஜனங்க மதம் மாறியிருக்காங்க, கூட்டிட்டுப் போனவர் இப்ப இல்ல, இனிமே யார் கையப் பிடிக்கறதுன்னு தெரியாம நிக்கறாங்க. அன்னைக்கு ராத்திரி கஸ்தூர்சந்த் பார்க்ல கூடின கூட்டத்துல தலைவர்கள் எல்லாம் எழுந்து நின்னு பேச முடியாம அழுதுட்டு உக்காந்துடறாங்க, கடைசியில இந்த வெள்ளைக்கார பிக்குதான் பேசினாராம். அடுத்த நாலு நாள்ல நாக்பூர் சேரி சேரியா நாப்பது கூட்டம் கிட்ட. அப்புறமும் வருஷா வருஷம் மகாராஷ்டிரா கிராமங்களுக்குப் போயிட்டே இருந்தார். நம்ம ஊர்ல தலித்துகளுக்காக அயோத்திதாசர் ஆரம்பிச்ச பௌத்த வேலை அவருக்கப்புறம் எப்படி சுருங்கிப் போச்சுன்னு யோசிச்சா, அந்த நாலு நாள் எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும்.

இங்கயே அவர் கதை முடிஞ்சிருந்தா நானும் ஒரு போட்டோ போட்டு கும்பிட்டுட்டு போயிருப்பேன்.

1964-ல இங்கிலாந்து திரும்பி லண்டன்ல ஹாம்ப்ஸ்டெட் விகாரைங்கற பௌத்த மடத்துக்குப் பொறுப்பு எடுத்தார். ரெண்டே வருஷத்துல அந்த விகாரை டிரஸ்ட் நீங்க வேணாம்னு சொல்லிடுச்சு, அதுவும் அவர் இந்தியாவுல விடைபெறும் பயணத்துல இருக்கும்போது. திரும்பிப் போய் 1967-ல சொந்தமா மேற்கத்திய பௌத்த சங்க நண்பர்கள்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே பன்னெண்டு பேருக்கு தீட்சை குடுத்து சங்கத்தையும் உண்டாக்கிட்டார். 2010-ல இருந்து அதுக்கு திரிரத்னான்னு பேரு. இப்ப பல நாட்டுல 2000 பேருக்கு மேல தீட்சை வாங்கினவங்க இருக்காங்க.

இவர் போதனையில முக்கியமானது சரணம் போறது. புத்தம் சரணம் கச்சாமி நாம வாயால சொல்லிட்டுப் போற வரி, இவர் என்ன சொல்றார்னா அதுதான் எல்லாமே, மொட்டை அடிச்சியா, காவி கட்டினியா, குடும்பம் இருக்கா இல்லையாங்கறது எல்லாம் அப்புறம்தான். அர்ப்பணிப்பு முதல்ல, வாழ்க்கை முறை ரெண்டாவது. அதனால இவர் சங்கத்துல பிக்குவும் இல்ல, இல்லறத்தாரும் இல்ல, தர்மசாரி, தர்மசாரிணின்னுதான் பேரு, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே தீட்சை, ஒரே பத்து சீலம். அறுபதுகள்ல இது சாதாரணம் இல்ல, இலங்கை, தாய்லாந்து மாதிரி தேரவாத பௌத்த நாடுகள்ல இன்னிக்கும் பெண்களுக்கு முழு தீட்சைன்னா சண்டைதான். (பொம்பளைங்களோட ஆன்மிகத் திறனைப் பத்தி அவர் சொன்ன சில கருத்துகளைப் படிச்சா கடுப்பாகும், அது தனி.) இன்னொன்னு நட்பு. முழு ஆன்மிக வாழ்க்கையும் நல்ல நட்புதான்னு புத்தர் தன் சீடர் ஆனந்தருக்கு சொன்னதை இவர் அப்படியே பிடிச்சுக்கிட்டார். ஆம்பளைங்க ஒரு வீடு, பொம்பளைங்க ஒரு வீடுன்னு சேர்ந்து தங்கறது, சேர்ந்து பிசினஸ் பண்ணி சம்பாதிக்கறது, அப்பா அம்மா புள்ளைன்னு மூடிக்கிட்ட குடும்பம் மனுஷனைச் சுருக்கிடும்னு பேச்சு. படிக்க நல்லாத்தான் இருக்கு.

எனக்கு சிக்கலே இந்த ரெண்டு போதனையிலயும்தான். வாழ்க்கை முறை ரெண்டாவதுன்னு சொன்ன அதே வாய், காவி கட்டிட்டு பிக்குன்னு மதிப்பும் வாங்கிட்டு, அறுபதுகளோட கடைசியில இருந்து வருஷக்கணக்கா சிஷ்யனா வந்த வாலிபப் பசங்களோட படுக்கையப் பகிர்ந்திருக்கு. பிரம்மச்சரியத்தை மீறறது பிக்குவுக்கு முதல் பாராஜிகம், அதாவது சங்கத்தை விட்டே விலக்கற குத்தம், மீறினா அந்த நிமிஷமே பிக்கு இல்ல, இது எந்த சின்ன சாமணேரருக்கும் தெரியும். 1997-ல கார்டியன் பத்திரிகை இதை வெளிய கொண்டு வந்துச்சு. முன்னாள் சிஷ்யர்கள் சிலர் என்ன சொன்னாங்கன்னா, எங்களுக்கு ஆம்பளைங்க மேல ஈடுபாடே கிடையாது, இது மனத்தடையை உடைக்கும், இதுதான் ஆழமான நட்புன்னு நம்ப வெச்சாங்க, குருவாச்சேன்னு முடியாதுன்னு சொல்ல முடியலன்னு. குடும்பத்தை விட்டு வா, நட்புதான் மார்க்கம்னு கூட்டிட்டு வந்தா அந்தப் பையன் போய் யார்கிட்ட சொல்லுவான்? தங்கற இடம், வேலை, கூட்டாளிங்க, தியானம் சொல்லிக் குடுக்கறவர், எல்லாமே அங்கதான. அவர் ஓரினச்சேர்க்கையாளர்ங்கறதை வெச்சு திட்டறவங்களோட எனக்கு சங்காத்தம் இல்ல, அது பிரச்சனையே கிடையாது. ஒருத்தன் குரு, இன்னொருத்தன் சிஷ்யன், அதுல சம்மதம்ங்கற வார்த்தைக்கு எவ்ளோ மதிப்புங்கறதுதான் பிரச்சனை.

ரெண்டு பேருக்கும் சம்மதம்னுதான் நினைச்சேன்னு அவர் ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தார். 2016-ல பிபிசி மறுபடி கிளறினப்புறம், டிசம்பர் கடைசியில ஒரு அறிக்கை விட்டார், மத்தவங்களைப் புண்படுத்தின, காயப்படுத்தின சந்தர்ப்பங்களுக்கு வருத்தப்படறேன், மன்னிச்சுக்கங்கன்னு. அப்போ வயசு 91. எதுக்காக மன்னிப்புன்னு பேர் சொல்லலையேன்னு பாதிக்கப்பட்டவங்க தரப்புல கேட்டாங்க, நியாயம்தான். பொய் சொல்லாதேன்னு ஒரு சீலம் போதாதுன்னு பேச்சுக்கே நாலு சீலம் வெச்ச சங்கத்தோட நிறுவனர், தன் விஷயத்துல இவ்ளோ பொத்தாம்பொதுவா பேசினது எனக்கு உறுத்துது. 2018 அக்டோபர் 30 இறந்துட்டார்.

இதை நாக்பூர்ப் பக்கத்து அம்பேத்கரிய நண்பர் ஒருத்தர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எங்க தாத்தாவோட பசங்க ஹாஸ்டல்ல படிச்சது அவங்க ஆளுங்க நடத்தினதுலதான் அண்ணா, லண்டன்ல நடந்ததுக்கு நான் என்ன சொல்றது"ன்னார். சப்பைக்கட்டு மாதிரி எனக்குப் படல. சங்கரக்ஷிதாவோட ஆங்கிலேய சிஷ்யர் லோகமித்ரா எழுபதுகளோட கடைசியில புனேயில ஆரம்பிச்ச வேலை, ஹாஸ்டல், பள்ளிக்கூடம், நாக்பூர்ல நாகலோகாங்கற மையத்துல பல மாநிலத்துப் பசங்களுக்குப் பயிற்சின்னு அது தனியா வேர் பிடிச்சு நிக்குது. ஆனா இதைச் சொல்லி அந்தக் கணக்கை நேர் பண்ண பாக்கறவங்களையும் என்னால ஏத்துக்க முடியல, பாதிக்கப்பட்ட பையனுக்கு நாக்பூர் ஹாஸ்டலால என்ன ஆறுதல்?

அவர் இயக்கம் சொல்லித் தர்ற மெத்தா பாவனைங்கற அன்புத் தியானத்தை நானும் தினமும் காலையில பண்றேன், அது அவர் கண்டுபிடிச்சது இல்ல, ரொம்பப் பழசு. முதல்ல நமக்கே நல்லா இருக்கட்டும்னு நினைக்கணும், அப்புறம் ஒரு நண்பர், அப்புறம் நமக்கு சம்பந்தமே இல்லாத ஒருத்தர், நாலாவதா நமக்குப் பிடிக்காத ஒருத்தர், கடைசியில எல்லாரும். போன வாரம் நாலாவது இடத்துல இவரை உக்கார வெச்சுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துல நவுந்து மூணாவதுக்குப் போயிட்டார், நான் மறுபடி இழுத்து நாலுல போட்டேன், அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு.