ஒரு மணி நேரத்துக்கு பிசினஸ் கிளாஸ்: ஆத்தாவோட கொழும்பு போன கதை

திருச்சிலேருந்து கொழும்பு ஒரு மணி நேரம்தான், ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டு கழட்டறதுக்குள்ள வந்துடும், இதுக்குப் போயி பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எதுக்குன்னு முதல்ல சித்தப்பா போன் போட்டுக் கேட்டாக, அப்புறம் அயித்தான் கேட்டாக, கோயில்ல பார்த்தவுக எல்லாம் கேட்டாக. எகானமிய விட ரெண்டு மடங்குக்கு மேல காசு. எங்க பக்கம் காசை எண்ணித்தான் செலவு பண்ணுவாங்க, கேக்கறதுல தப்பே இல்ல. அவங்க ஒவ்வொருத்தருக்கும் போன்ல முழுசா சொல்ல முடியல, அதான் இங்க எழுதிடறேன்.

எங்க பக்கம் அம்மாவை ஆத்தான்னுதான் கூப்பிடுவோம். ஆத்தாவுக்கு வயசு 78. ரெண்டு முட்டியும் போயிடுச்சு, ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பத்து நிமிஷம் நின்னா கால் வீங்கிடும், குறுகலான சீட்ல உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு பேர் பிடிக்கணும். ஆனா சாகறதுக்குள்ள ஒரு தடவை கொழும்புல அவங்க அப்பச்சி (அப்பாவை எங்க பக்கம் அப்படிச் சொல்வோம்) இருந்த தெருவைப் பார்த்துடணும்ங்கிறதை எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து சொல்லிட்டு இருக்காங்க.

அவங்க அப்பச்சி, அதாவது எங்க ஐயா (தாத்தா), கொழும்பு செட்டியார் தெருவுல ஒரு வட்டிக்கடைல பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடியாச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடைசியா கடையைப் பார்த்துக்கற மேலாளா இருந்தவக. கடல் தாண்டித் தொழில் பண்ணப் போறதை கொண்டுவிக்கப் போறதுன்னு எங்க ஊர்ல சொல்ற அதே வாழ்க்கைதான், மூணு வருஷம் அங்க, நடுவுல கொஞ்ச மாசம் இங்க, மறுபடி மூணு வருஷம். பொம்பளையாளுக யாரும் கூடப் போறது இல்ல. ஆத்தா சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அப்பச்சியைப் பார்த்ததே அந்த நடுவுல வர்ற மாசங்கள்ல மட்டும்தான். 1948ல அங்க குடியுரிமைச் சட்டம் வந்ததுக்கப்புறம் நம்ம ஆளுங்களுக்கு எல்லாம் பெர்மிட்டு அது இதுன்னு நெருக்கடி கூடிப் போச்சு, ஆத்தாவுக்குப் பத்து வயசு இருக்கறப்ப கடைய மூடிட்டு ஐயா காரைக்குடி பக்கத்துல எங்க ஊரு கோட்டையூருக்கே வந்துட்டாக. அவுக கொண்டாந்த முதிரை மரப்பெட்டி இன்னும் எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல இருக்கு, திறந்தா உள்ள இன்னும் ஒரு வாசம் வரும்.

டிக்கெட் போடறப்ப நான் பார்த்து வச்சுக்கிட்ட ஒரு விஷயம் சொல்றேன், போறவங்களுக்கு உதவும். திருச்சிலேருந்து கொழும்புக்கு மேப்ல ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்க, அது காரைக்குடிக்குக் கொஞ்சம் கிழக்கால போகும், அப்புறம் பாம்பன் கிட்ட கடல்ல இறங்கும். அப்படின்னா தெக்க பார்த்துப் போற விமானத்துல வலது பக்க ஜன்னல்ல நம்ம செட்டிநாடு, இடது பக்க ஜன்னல்ல ராமேஸ்வரம், தனுஷ்கோடி. இதைப் பார்த்ததும் எனக்கு முடிவாயிடுச்சு. இந்த விமானத்து பிசினஸ் கிளாஸ்ல ரெண்டு ரெண்டு சீட்டாத்தான் இருக்கும், நடு சீட்டே கிடையாது, ஆத்தாவுக்கு வலது ஓரம் கே சீட், எனக்குப் பக்கத்துல. ஆத்தா ஏறுறப்பவோ இறங்குறப்பவோ பின்னாடி யாரும் நின்னு அவசரப்படுத்த மாட்டாங்க, அதுவும் ஒரு காரணம்.

வீல்சேர் கேட்டு வைக்கச் சொல்லி ஊர்ல ஒரு ஏஜெண்டுகிட்ட சொல்லியிருந்தேன், அவரு போட்டாச்சு போட்டாச்சுன்னே சொல்லிட்டு இருந்தாரு, எனக்கு மனசு கேக்கல, ரெண்டு நாள் முன்னாடி நானே ஏர்லைன்ஸுக்கு போன் போட்டுக் கேட்டா அப்படி ஒண்ணும் பதிவே ஆகல. வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க தயவுசெஞ்சு நீங்களே போன் போட்டு உறுதி பண்ணிக்கங்க. வெறும் வீல்சேர்னு சொன்னா பத்தாது, படி ஏற முடியுமா முடியாதான்னும் சொல்லணும். தூரம் நடக்க முடியாது ஆனா படி ஏறுவாங்கன்னா ஒரு குறியீடு (code), படியும் முடியாதுன்னா வேற குறியீடு, சுத்தமா நடக்கவே முடியாதவங்களை சீட் வரைக்கும் கொண்டு போறதுக்கு இன்னொண்ணு. இதுக்குக் காசு கிடையாது, எகானமில போனாலும் உண்டு. அதனால வீல்சேருக்காக யாரும் பிசினஸ் கிளாஸ் போட வேண்டாம். போற அன்னைக்கு வெள்ளிக்கிழமை, ஆத்தா சைவம், அதனால சைவச் சாப்பாடுன்னு முன்னாடியே சொல்லி வச்சேன், அதையும் ஒரு நாளாவது முன்னாடி சொன்னாத்தான் கிடைக்கும்.

விடியக்காலைல கோட்டையூர்ல கிளம்பி புதுக்கோட்டை வழியா திருச்சி. ஆத்தா ஒரு எவர்சில்வர் டப்பால சீப்புச்சீடை, இன்னொண்ணுல மனகோலம். ஊறுகாயக் கைப்பையில விட மாட்டாங்கன்னு அதைப் பெரிய பெட்டில போட்டுட்டோம். 2024ல திறந்த புது டெர்மினலை ஆத்தா இப்பத்தான் பார்க்கறாங்க, ஸ்ரீரங்கம் கோபுரம் மாதிரி எல்லாம் செஞ்சு வச்சிருக்காங்க, வண்டிய நிறுத்தச் சொல்லி நின்னு பார்த்தாங்க. செக்கின்ல பிசினஸ் வரிசைல எங்களுக்கு முன்னாடி ஒருத்தர் மட்டும்தான், பக்கத்து வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. அதுல ஆத்தா வயசுல ஒரு அம்மா சூட்கேஸ் மேல சாஞ்சு நின்னுட்டு இருந்தாங்க, நாங்க நேராப் போனது எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நான் போயி வீல்சேர் கேளுங்க, சும்மாவே தருவாங்கன்னு சொல்லி, கூட இருந்த அவங்க பையனை கவுண்டருக்கு அனுப்பினேன், கிடைச்சுது.

நேரா ஏரோபிரிட்ஜ் வழியா வாசல்வரை வீல்சேர்லயே வந்தாச்சு. வாசல்ல மயிலிறகு டிசைன் போட்ட பச்ச நீல சேலைல நின்ன பொண்ணு கை கூப்பி சிங்களத்துல ஆயுபோவன்னு சொன்னதும் ஆத்தா உடனே, "ஆயுபோவன்"னு திருப்பிச் சொன்னாங்க பாருங்க, எனக்கு ஆச்சரியமாப் போச்சு. எப்படித் தெரியும்னு கேட்டா, "அப்பச்சி சொல்லித் தந்தாக, ஆயுசு நல்லா இருக்கட்டும்னு அர்த்தம்"னாங்க. எழுபது வருஷம் அந்த ஒரு வார்த்தைய வச்சிருந்திருக்காங்க, என்கிட்ட ஒரு தடவை கூட சொன்னது இல்ல.

சீட் பத்தி சொல்லிடறேன். இது சின்ன விமானம், படுத்துத் தூங்கற மாதிரி கட்டில் எல்லாம் கிடையாது, நல்லா அகலமான சோபா மாதிரி சீட், கொஞ்சம் சாயும், கால் நீட்டலாம், ரெண்டு சீட்டுக்கும் நடுவுல அகலமான கைப்பிடி. யூரோப்ல சின்ன தூரத்துக்குப் போறப்ப எகானமி சீட்டையே வச்சு நடு சீட்டைக் காலியா விட்டுட்டு அதைத்தான் பிசினஸ்னு விப்பாங்க, அதுக்குக் காசு குடுக்கறது வீண்னு நான் நினைக்கறேன், இது அப்படி இல்ல. ஆத்தா தானா உட்கார்ந்து தானா எந்திரிச்சாங்க, எனக்கு அது ஒண்ணே போதும். உட்கார்ந்ததும் ஜூஸ் குடுத்தாங்க, கண்ணாடி டம்ளர்ல. ஆத்தா டப்பாவத் திறந்து அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மனகோலம் குடுத்தாங்க, வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்கிச்சு.

மேல ஏறிப் பத்து நிமிஷம் இருக்கும். கீழ செம்மண்ணு, நடுவுல நடுவுல கண்மாய் எல்லாம் வெயில்ல தகடு மாதிரி மின்னுது. நான்தான் முதல்ல பார்த்தேன், ரெண்டாம் உலகப்போர் காலத்துல செட்டிநாடு பக்கத்துல போட்ட பழைய ரன்வே, காட்டுக்குள்ள கோடு கிழிச்ச மாதிரி தெரிஞ்சுது. "ஆத்தா, அந்தா செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம், அப்படியே கீழ வாங்க, அதான் நம்ம ஊரு"ன்னேன். கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டு ஜன்னல்ல நெத்திய வச்சுப் பார்த்தாங்க. வீடு எல்லாம் அடையாளம் தெரியாது, ஓட்டுக்கூரைங்க சேர்ந்து ஒரு செவப்புத் திட்டு, பக்கத்துல ஊருணியா கண்மாயான்னு தெரியாத ஒரு தண்ணி, அவ்வளவுதான் தெரிஞ்சுது. ஆத்தா மெதுவா, "இம்புட்டுத்தானா நம்ம ஊரு"ன்னு கேட்டாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

சாப்பாடு வந்துச்சு. ஒரு மணி நேரப் பயணத்துல அவங்க எல்லாத்தையும் குடுத்து எல்லாத்தையும் எடுக்கணும், பாவம் ஓடிக்கிட்டே இருந்தாங்க, ஆனாலும் துணி விரிச்சு பீங்கான் தட்டுலதான் வச்சாங்க. சாதம், பருப்பு, ஒரு காய், சூடா இருந்துச்சு, நல்லாவே இருந்துச்சு. ஆத்தா பாதி சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்பவே எதிர்ப்பக்க ஜன்னல்ல கடல் தெரிய ஆரம்பிச்சுடுச்சு. இடது பக்கம் முன் வரிசை ரெண்டு சீட்டும் காலி. நான் அந்தப் பொண்ணுகிட்ட, இவங்க அப்பா இந்த வழியாத்தான் கொழும்பு போவாங்க, அஞ்சு நிமிஷம் அங்க உட்காரலாமான்னு கேட்டேன், அதுவே வந்து தட்டை எடுத்து வச்சுட்டு ஆத்தா கையப் பிடிச்சு அந்தப்பக்கம் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சுச்சு. எகானமில ஆத்தாவை அவ்வளவு சீக்கிரம் எழுப்பிப் பாதைய கடக்க வச்சிருக்கவே முடியாது, அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் நான் காசு குடுத்தேன்னு வச்சுக்கங்க.

பாம்பன் பாலம் நூல் மாதிரி தெரிஞ்சுது. 1914ல திறந்த பழசும் 2025ல திறந்த புதுசும் அன்னைக்குப் பக்கத்து பக்கத்துல இருந்துச்சு, மேலேருந்து ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. அதுக்கு அங்கிட்டு தீவு, அப்புறம் ஒல்லியா நீண்டு போற மணல், அதான் தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயல்ல போனது போனதுதான். அதுக்கப்புறம் தண்ணிக்குள்ள பொட்டு பொட்டா மணல் திட்டுங்க, தூரத்துல புகை மாதிரி மன்னார்.

ஐயா காலத்துல போட் மெயில் ரயில்ல காரைக்குடில ஏறி, இதே பாம்பன் பாலத்தைத் தாண்டி, தனுஷ்கோடில இறங்கி, கப்பல்ல தலைமன்னார், அங்க மறுபடி ரயில் பிடிச்சு மறுநாள்தான் கொழும்பு போய்ச் சேருவாங்க. ஆத்தாவுக்கு அந்த ஸ்டேஷன் பேர் எல்லாம் வரிசையா மனப்பாடம். ஜன்னல்ல விரலை வச்சு மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம்னு சொல்லிட்டே வந்து தனுஷ்கோடில நிறுத்திட்டு, "காரைக்குடி ஸ்டேஷன்ல அப்பச்சி ரயில் ஏறுறப்ப நான் அழுதா திரும்பிப் பார்க்க மாட்டாக, எனக்குக் கோவமா வரும்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவுகளும் அழுதிருப்பாக"ன்னாங்க. பெல்ட் லைட் எரிஞ்சுது, திரும்பி எங்க சீட்டுக்கு வந்துட்டோம்.

கொழும்பு விமான நிலையம் இருக்கற கட்டுநாயக்கல இறங்கினா கடிகாரத்தை மாத்த வேண்டியது இல்ல, 2006லேருந்து ரெண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான். முதல்ல இறங்கினோம், வீல்சேர் தயாரா இருந்துச்சு, ஆன்லைன்ல எடுத்த விசா காகிதத்தைப் பார்த்து உடனே முத்திரை குத்திட்டாங்க, பெட்டியும் முதல்லயே வந்துடுச்சு. எக்ஸ்பிரஸ்வே வழியா கொழும்பு, புறக்கோட்டை, செட்டியார் தெரு. இங்கிலீஷ்ல வேற பேர் இருந்தாலும் தமிழ்ல இன்னைக்கும் செட்டியார் தெருதான். இப்ப ரெண்டு பக்கமும் நகைக்கடை, ஒரே கூட்டம். ஐயா இருந்த கடை எதுன்னு கண்டுபிடிக்க முடியல, விலாசம், அதாவது கடைப் பேரு மட்டும்தான் ஆத்தாவுக்குத் தெரியும், ரெண்டு மூணு வயசான நகைக்கடைக்காரங்ககிட்ட கேட்டும் பிரயோஜனம் இல்ல. ஆனா பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அப்படியே இருக்கு, ஆடிவேல் திருவிழாவுக்கு இங்கேருந்துதான் தேர் பம்பலப்பிட்டிக்குப் போகும். ரெண்டு கோயில்லயும் ஆத்தா வீல்சேர் வேண்டாம்னுட்டு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே போய்க் கும்பிட்டாங்க. அப்பச்சி தினமும் இங்க வந்திருப்பாக, கடை எதுவா இருந்தா என்னன்னு சொல்லிட்டாங்க.

மூணு நாள் இருந்தோம், அதைத் தனியா எழுதறேன். திரும்பறப்ப கொழும்பு லவுஞ்ச்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆத்தா ரெண்டு டீ குடிச்சாங்க, கால் நீட்டி உட்கார நல்ல இடம், கூட்டமும் கம்மி. வர்றப்ப பக்கம் மாறும்ங்கறதால இடது ஓரம் ஏ சீட் போட்டிருந்தேன், ஆனா அன்னைக்கு வழி பூரா மேகம், ஒண்ணுமே தெரியல, ஆத்தாவும் நல்லாத் தூங்கிட்டாங்க. திருச்சில இறங்கி கார்ல ஏறினதும், "எந்திரிச்சுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்ல"ன்னாங்க. மேகமா இருந்துச்சு ஆத்தான்னேன். "அப்ப தையில ஒரு தடவை போவோம், மேகம் இருக்காது"ன்னாங்க.

தைக்குப் போட்டுட்டேன். போறப்ப கே, வர்றப்ப ஏ. சித்தப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்காக.