பல கர்சர் தேர்வும் அதன் பின்னால் ஓடும் தேடலும்

ரசீது போடும் மென்பொருள் ஒன்றின் தமிழ்ச் சொற்கள் அடங்கிய கோப்பில் ‘வரி’ என்று வரும் இடங்களை எல்லாம் ‘வரித்தொகை’ என்று மாற்ற வேண்டியிருந்தது. சொல்லைத் தேர்ந்தெடுத்து, அது வரும் எல்லா இடங்களிலும் கர்சரை வைக்கும் கட்டளையைக் கொடுத்து, வலது அம்புக்குறியை ஒருமுறை அழுத்தி, ‘த்தொகை’ என்று தட்டச்சு செய்தேன். திரையில் தெரிந்த இடங்கள் எல்லாம் சரியாக மாறியிருந்தன, சேமித்துவிட்டேன். மறுநாள் மென்பொருளைத் திறந்தபோது வாடிக்கையாளர் பக்கத்தில் ‘முகவரித்தொகை’ என்றும் பட்டியலின் தலைப்பில் ‘வரித்தொகைசை எண்’ என்றும் இருந்தன.

ஒரே நேரத்தில் பல இடங்களில் தட்டச்சு செய்ய உதவும் இந்தப் பல கர்சர் வசதியை ஒரு தட்டச்சு வசதியாகவே நான் அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில் அது முதலில் ஒரு தேடல். தட்டச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. எந்த எந்த இடத்தில் கர்சர் நிற்கும் என்பதைத் தேடலின் விருப்பங்களே தீர்மானிக்கின்றன. சாதாரணத் தேடலில் அந்த விருப்பங்கள் பெட்டியில் கண்ணுக்குத் தெரியும். குறுக்குவிசையால் கர்சரைப் பெருக்கும்போது அவை மறைவிலேயே இருந்துவிடுகின்றன. எடிட்டரை இயக்கும் சிறு நிரலான ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கிய பிறகுதான் இது எனக்குத் தெளிவாயிற்று.

நான் பயன்படுத்துவது நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டர். அதன் உள்ளே எழுத்தைக் கையாளும் பகுதி சின்டில்லா; பைத்தான் ஸ்கிரிப்ட் என்ற பிளக்இன் (கூடுதலாக இணைக்கும் துணைநிரல்) வழியாக, பைத்தான் நிரல்மொழியில் எழுதி அதனுடன் நேரடியாகப் பேசலாம். 2023-இல் வந்த 8.6 பதிப்பிலிருந்து பல கர்சர் தேர்வு மெனுவிலேயே நான்கு வகையாகக் கிடைக்கிறது: பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டையும் முழுச்சொல்லையும் பார்க்காதது, எழுத்து வேறுபாட்டை மட்டும் பார்ப்பது, முழுச்சொல்லை மட்டும் பார்ப்பது, இரண்டையும் பார்ப்பது. ஒரு தேடல் விருப்பத்தைக் குறிக்கும் எண்ணை ஃபிளாக் என்பார்கள்; சின்டில்லாவில் முழுச்சொல்லுக்கான ஃபிளாக்கின் மதிப்பு 2, எழுத்து வேறுபாட்டுக்கானது 4, இரண்டும் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். ஆகவே அந்த நான்கு வகைகளும் 0, 4, 2, 6 என்ற நான்கு எண்களே.

தமிழ் எழுதுகிறவருக்கு இந்த நான்கும் போதவில்லை என்பது என் உறுதியான கருத்து. தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை என்பதால் அந்த ஃபிளாக்கால் தமிழ்ச் சொல்லுக்கு எந்த விளைவும் இல்லை. முழுச்சொல்லைக் கேட்டால் ‘முகவரி’யும் ‘வரிசை’யும் விலகிவிடும், ஆனால் நாம் விரும்பும் ‘வரியை’, ‘வரிக்கு’, ‘வரிகள்’ ஆகியவையும் கூடவே விலகிவிடும், ஏனெனில் வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் நம் மொழியில் சொல்லோடு ஒட்டியே வருகின்றன. நமக்கு வேண்டியது சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும் தேடல். சின்டில்லாவில் அதற்கென்று தனி ஃபிளாக் உண்டு. தேடப்படும் துண்டுக்கு முன்னால் சொல்லெழுத்து (சொல்லின் பகுதியாகக் கொள்ளப்படும் எழுத்து) எதுவும் இருக்கக்கூடாது என்பதே அதன் நிபந்தனை. இது மெனுவில் இல்லை, ஸ்கிரிப்டில் கிடைக்கிறது. அதை வைத்துத் தேடினால் ‘முகவரி’ தானாக ஒதுங்கிவிடும், ‘வரியை’ உள்ளே வரும். எஞ்சும் ‘வரிசை’யை மட்டும் அடுத்த எழுத்தைப் பார்த்து ஸ்கிரிப்ட் தள்ளிவிட வேண்டும்.

எல்லாப் பொருத்தங்களையும் ஒரே அடியாகத் தேர்வில் சேர்க்கும் கட்டளை சின்டில்லாவில் இருக்கிறது. அது அப்போது நடப்பில் இருக்கும் தேடல் ஃபிளாக்குகளையும் தேடல் எல்லையையும் எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது. ஃபிளாக்குகள் ஒருமுறை வைக்கப்பட்டால் அடுத்து யாராவது மாற்றும்வரை அப்படியே இருக்கும் என்பதால், முன்பு ஓடிய தேடல் எதை விட்டுச் சென்றதோ அதையே நம் கட்டளையும் பின்பற்றும். எனவே ஸ்கிரிப்டின் முதல் இரண்டு வரிகளில் ஃபிளாக்கையும் எல்லையையும் நாமே வைப்பது நல்லது.

பொருத்தங்களைச் சலித்து எடுக்க வேண்டுமானால் தேடலை நாமே சுழற்சியில் ஓட்ட வேண்டும். எல்லைக்குள் தேடும் கட்டளை ஒரு பொருத்தத்தைக் கண்டவுடன், அந்தப் பொருத்தத்தின் அளவுக்கே எல்லையைச் சுருக்கிவிடும். அதை மறந்து மறுபடியும் தேடச் சொன்னால் அதே இடத்தையே முடிவில்லாமல் திருப்பித் தரும். என் முதல் ஸ்கிரிப்டில் இதுதான் நடந்தது. எடிட்டர் உறைந்து, சேமிக்காத ஒரு மணி நேர வேலை போயிற்று. ஒவ்வொரு பொருத்தத்துக்குப் பிறகும் எல்லையின் தொடக்கத்தைப் பொருத்தத்தின் முடிவுக்கும், எல்லையின் முடிவைக் கோப்பின் கடைசிக்கும் நகர்த்த வேண்டும்.

முதல் பொருத்தத்தைப் புதிய தேர்வாக வைக்க வேண்டும், அடுத்தவற்றைத்தான் கூட்டுத் தேர்வாகச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டுத் தேர்வாகச் சேர்த்தால், ஏற்கெனவே எங்கோ நின்றிருந்த பழைய கர்சரும் தேர்வில் இருக்கும். தட்டச்சு செய்யும் எழுத்து அங்கேயும் விழும். இன்னொன்று, இந்தக் கட்டளைகள் கர்சர் நிற்கும் முனையை முதலிலும் தேர்வு தொடங்கிய முனையை இரண்டாவதாகவும் கேட்கின்றன. ஒற்றைத் தேர்வுக்கான பழைய கட்டளை இதற்கு நேர்மாறானது. முனைகளை மாற்றிக் கொடுத்தால் திரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஷிப்டையும் வலது அம்பையும் சேர்த்து அழுத்தும்போது தேர்வு நீள்வதற்குப் பதிலாகச் சுருங்கும்.

தமிழ் எழுத்தின் அமைப்பால் வரும் சிக்கல் தனியானது. ‘நிரல்’ என்பதை ‘செயலி’ என்று மாற்றுவதற்காக, ‘நிரலை’, ‘நிரலில்’ எல்லாம் சிக்கட்டும் என்று ‘நிரல’ என்ற அடியைத் தேடினேன். எடிட்டருக்குப் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். ஆகவே தேர்வு ‘ல’வோடு நின்று, குறி மட்டும் வெளியே தங்கிவிட்டது. புதிய சொல்லைத் தட்டியதும் அதன் பின்னால் உரிமையில்லாத ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டது. இப்போது என் ஸ்கிரிப்ட், பொருத்தத்துக்கு அடுத்த குறியீடு உயிர்க்குறியா புள்ளியா என்று பார்த்து, அப்படியானால் அந்த இடத்தைத் தேர்வில் சேர்ப்பதில்லை.

இதைச் சுலபமாக்கலாம் என்று எண்ணிக் கோப்பு முழுவதையும் பைத்தானுக்குள் எடுத்து அதன் ரெகெக்ஸால் (எழுத்துகளின் அமைப்பை விவரித்துத் தேடும் முறை) தேடிப் பார்த்ததில் இரண்டு தடைகள் வந்தன. பைத்தானின் ரெகெக்ஸ் உயிர்க்குறிகளைச் சொல்லெழுத்தாக ஏற்பதில்லை. ‘கலை’ என்ற சொல்லில் ‘ல’வுக்கும் அதன் குறிக்கும் நடுவே சொல் முடிந்துவிட்டதாகக் கொள்ளும். மேலும் பைத்தான் குறியீடுகளை எண்ணுகிறது, சின்டில்லாவோ அவற்றைச் சேமிக்க ஆகும் பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்த கோப்பில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகள் என்பதால் ‘கலை’ பைத்தானுக்கு 3, சின்டில்லாவுக்கு 9. பைத்தான் சொன்ன இடத்தில் கர்சரை வைத்தால் கோப்பின் முதல் தமிழ்ச் சொல்லைத் தாண்டிய உடனேயே எல்லாம் பிசகிவிடும்.

விஎஸ் கோட் என்ற இன்னோர் எடிட்டரிலும் இதே மறைவு இருக்கிறது. எதையும் தேர்ந்தெடுக்காமல் சொல்லின் மேல் கர்சரை மட்டும் வைத்துக் கன்ட்ரோல், டி விசைகளை அழுத்திக்கொண்டே போனால் அது முழுச்சொல்லாகவும் எழுத்து வேறுபாடு பார்த்தும் தேடும். அதே சொல்லை நாமே தேர்ந்தெடுத்துவிட்டு அழுத்தினால் தேடல் பெட்டியில் அப்போது இருக்கும் விருப்பங்களைப் பின்பற்றும்.

இப்போது என் ஸ்கிரிப்ட் கர்சர்களை வைத்தவுடன் அவற்றின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு கர்சரும் நிற்கும் வரியையும் கீழே உள்ள கன்சோல் என்ற செய்திப் பலகத்தில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் விசைப்பலகையில் கை வைக்கிறேன்.