அண்ணா சாப்பிட வரும் நாள்: ஐப்பசிக் குறிப்புகள்

ஒக்டோபர் 19, ஞாயிறு

என் சிறுநீரகம் அண்ணாவுக்குப் பொருந்துமா என்று பார்த்த ரிப்போட் இன்னும் வரவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிய எண்ணெய் வைத்துப் பிள்ளைகளை முழுக வார்த்து, கந்தசுவாமி கோயிலுக்குப் போய் வந்தோம். ஏ9 வீதி முழுக்கப் புதுச்சட்டைகள். அண்ணா வரவில்லை. கால் வீங்கியிருக்கிறது என்று மச்சாள் சொன்னார். நாளைக்கு இரத்தம் சுத்திகரிக்கிற மெசின் நாள், வற்றிவிடும் என்று நான் அவருக்குச் சொன்னேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கேதார கௌரிக் காப்பு. ஐயர் எனக்கு இடக்கையில் கட்டினார். அண்ணாவுக்கும் ஒன்று கேட்டு வாங்கினேன். 21 இழை, 21 முடிச்சு.

பின்னேரம் போனபோது மெசினால் வந்த களையோடு படுத்திருந்தார். ஆம்பிளைக்கு வலக்கை, அது நல்லதாய்ப் போயிற்று. இடக்கையில் பிஸ்டுலா, மெசினுக்கு ஊசி ஏற்றும் இடம். அந்தக் கையில் நூலும் கூடாது, மணிக்கூடும் கூடாது, பிரஷர் பார்க்கவும் விடமாட்டார்கள். கட்டிவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தேன். நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த இடம். உள்ளே இரைந்து ஓடுகிறது.

"என்ன பாக்கிறாய்?"

"ஓடுது."

இது ராக்கியா என்று மகள் கேட்டாள். நாடகத்தில் பார்த்திருக்கிறாள். ராக்கி ஆவணிப் பறுவத்தில், தங்கை கட்ட அண்ணன் உன்னைக் காப்பாற்றுவேன் என்று சொல்வது. இங்கே காப்பாற்ற நிற்பது நான். விடமாட்டேன் என்று நிற்பது அவர்.

ஒக்டோபர் 22, புதன்

கந்தசஷ்டி தொடக்கம். பட்டினி கிடக்காதே, நிறையத் தண்ணீர் குடி என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இம்முறை மிளகும் தண்ணீரும் இல்லை, ஒருநேரச் சோறு. முருகனுக்கு எல்லாம் தெரியும்.

இரவு கொல்கத்தாவிலிருந்து ஹொஸ்டல் சிநேகிதியின் குரல் செய்தி. ஹொஸ்டலை விட்டு வந்து இத்தனை காலமாகியும் தீபாவளி முடிந்ததும் தவறாமல் வரும். நாளைக்கு அவர்களுக்கு பாய் போட்டா. வடக்கே பாய் தூஜ், மராட்டியர் பாவு பீஜ் என்பார்கள், நேபாளத்தில் பாய் டீக்கா. எல்லாம் ஒரே நாள், தீபாவளி அமாவாசை கழிந்த துவிதியை. யம துவிதியை.

அதன் கதையை அந்த நாளில் ஹொஸ்டல் மொட்டைமாடியில் வைத்துச் சொன்னாள். யமனும் யமுனையும் சூரியனின் பிள்ளைகள். யமுனை எத்தனை தரம் கூப்பிட்டும் அண்ணன் வரவில்லை. உயிர் எடுக்கிறவனை ஆர் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று அவனுக்கே கூச்சம். ஒருநாள் சொல்லாமல் வந்து வாசலில் நின்றான். அவள் முழுக வார்த்து, பொட்டு வைத்து, தன் கையால் சமைத்துப் போட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டான். வருசா வருசம் இதே நாளில் வா, இன்றைக்குச் சகோதரி கையால் சாப்பிடுகிற எவனுக்கும் உன்னால் பயம் வரக்கூடாது என்றாள். சரி என்றான். மதுராவில் விஸ்ராம் படித்துறையில் இன்றும் அந்த நாளில் சகோதரங்கள் கையைப் பிடித்துக்கொண்டு யமுனையில் முழுகுகிறார்கள்.

அப்போது கேட்டுவிட்டுத் தூங்கப் போனேன். இன்றிரவு தூக்கம் இல்லை. எமன் வருவான் என்று காத்துக்கொண்டும் ஒருத்தி வீட்டில் இருந்திருக்கிறாள்.

ஒக்டோபர் 23, வியாழன்

அண்ணாவை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். காரணம் சொல்லவில்லை.

அங்கே தட்டு நிறைய இனிப்பு வைப்பார்கள். இங்கே அண்ணாவுக்கு வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தக்காளி கூடாது, கீரை கூடாது. பொட்டாசியம் ஏறிவிடும். பயற்றங்காயையும் கத்தரிக்காயையும் சின்னதாக வெட்டி ஊறப்போட்டு, அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கறியாக்கினேன். புடலங்காய் வறை. உப்பு பேருக்கு. தேங்காய்ப்பால் இல்லை. பாயாசம் அவர் ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடிய தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதால் சீனியும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் வைத்துக் கொழுக்கட்டை. சமைத்ததை நானே வாயில் வைத்துப் பார்த்தேன், ருசி இல்லை. அவர் இரண்டாம் தரமும் சோறு கேட்டார். எவ்வளவு நாளைக்குப் பிறகு!

சாப்பிட முதல் சந்தனம் வைத்தேன். இடக்கைச் சின்னவிரலால் மூன்று தரம் வைக்க வேண்டும். அதற்கொரு பாட்டு: அண்ணன் நெற்றியில் பொட்டு வைத்தேன், யமன் வாசலில் முள் விழுந்தது, யமுனை யமனுக்கு வைக்கிறாள், நான் என் அண்ணனுக்கு வைக்கிறேன். வங்காளம் வாயில் வராது. தமிழில் மனதுக்குள் சொன்னேன். "என்ன புதுசா" என்று கேட்டார், ஆனால் நெற்றியைக் குனிந்து தந்தார்.

அண்ணன் தூரத்தில் இருந்தால் சுவரில் வைப்போம் என்று அவள் சொல்லியிருந்தாள். மிஞ்சிய சந்தனத்தைப் பெரியண்ணாவுக்காகக் கதவு நிலையில் வைத்தேன். தூரத்தில் இருக்கிறார் என்றே வைத்தேன். அம்மா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. 2009க்குப் பிறகு அம்மா ஒரு தீபாவளிக்கும் புதுச்சேலை உடுத்ததில்லை.

அண்ணா கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "தங்கச்சி, பொருந்தினாலும் நான் வாங்கமாட்டன். உனக்கு ரெண்டு பிள்ளையள்."

எமனே தங்கச்சி சொல்லைக் கேட்டவன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் போன பிறகு பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன்.

ஒக்டோபர் 24, வெள்ளி

மெசினில் அண்ணாவின் உடம்பிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் தண்ணீர் எடுத்தார்களாம். நேற்று நான் கொடுத்த தண்ணீர் எல்லாம் அளந்து கொடுத்தது.

ஒக்டோபர் 25, சனி

மழை. விதைத்த வயலுக்கு நல்லது. அண்ணாவின் வயல் இம்முறை குத்தகையில்.

திரும்பவும் கிணறுதான் மனதில் சுற்றுகிறது. 1990களில் அநுராதபுரப் பக்கம் இந்த வருத்தம் கூட்டமாகத் தெரிய வந்தது. சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, வயல் செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. பிறகு வவுனியாவிலும் முல்லைத்தீவிலும். கிணற்றுத் தண்ணீரில் புளோரைட், களைகொல்லி, தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க வெயிலில் நிற்பது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். ஒன்றும் முடிவாகவில்லை. நானும் அதே கிணற்றில் குடித்து வளர்ந்தவள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எனக்குச் சரியாக இருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் சரியாக இருக்கிறது? மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது முதலில் துப்பரவாக்கியது அந்தக் கிணற்றைத்தான். இறங்கியது அண்ணா. நான் மேலே நின்று கயிறு பிடித்தேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து எடுக்கமாட்டார்கள். தெரிந்தும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஒக்டோபர் 27, திங்கள்

சூரன்போர். முந்தி அண்ணாதான் சூரனை முன்கொம்பில் தூக்குவார். சூரனை ஆட்டி ஆட்டி ஓடும்போது ஆட்கள் விலகி ஓடுவார்கள். இன்று கதிரையில் இருந்து பார்த்தார். சூரன் மாமரமாகி, பிளந்து, சேவலும் மயிலுமாக வந்தபோது கும்பிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒக்டோபர் 28, செவ்வாய்

பாரணைக்கு உலை வைத்திருந்தபோது அழைப்பு வந்தது. இரத்தத்தில் பார்க்கிற ஆறு அடையாளங்களில் மூன்று பொருந்துகிறது. கூடப்பிறந்தவர்களில் நாலுக்கு ஒருவருக்கு முழுதும் பொருந்தும், பாதிப் பேருக்குப் பாதி பொருந்தும், நாலுக்கு ஒருவருக்கு ஒன்றுமே பொருந்தாது. பாதி போதுமாம். அவர் இரத்தம் என் அணுக்களை எதிர்க்கிறதா என்று பார்க்கும் குறுக்குப் பொருத்தம் நெகட்டிவ். பதறிவிட்டேன், அதுதான் நல்லது என்று அந்தப் பிள்ளை இரண்டு தரம் விளங்கப்படுத்தினாள்.

அண்ணா மெசினில். பின்னேரம் சொல்லலாம்.

ஒக்டோபர் 29, புதன்

சொன்னேன். பேசாமல் எழும்பி வளவுக்குள் போய்விட்டார். மச்சாள் அழுதார். அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஒக்டோபர் 30, வியாழன்

காலையில் அண்ணா தானாகவே வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார், கணக்கு முடிந்துவிட்டதாம். கனநேரம் திண்ணையில் இருந்தார்.

"வெட்டினாப் பிறகு எத்தனை கிழமை பாரம் தூக்கக் கூடாது உனக்கு?"

"ஆறு கிழமை எண்டு சொன்னவை."

"அப்ப கிணத்துத் தண்ணி ஆர் அள்ளுறது?"

மகள் அள்ளுவாள் என்றேன். அவள் சின்னப்பிள்ளை, மோட்டர் பூட்ட வேண்டும் என்றார். எத்தனை குதிரைவலு, குழாய் எவ்வளவு நீளம் என்று இவரோடு கதைத்துக்கொண்டிருக்கிறார்.