எச்சிங்கில் முகம் செய்யப் போகிறீர்களா? நான் விட்ட பிழைகள்

இறுதி வருடச் செய்முறைப் பரீட்சைக்கு அம்மம்மாவின் முகத்தைத்தான் எச்சிங்கில் செய்தேன். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோடுகளைக் கரைசலில் அரிக்கவிட்டு, மை பூசித் தாளில் அச்செடுக்கும் முறைதான் எச்சிங். முதல் பிரதியை வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினால், "இது ஆர் பிள்ளை?" என்கிறார். மூக்குத்தி மற்றப் பக்கம் போயிருந்தது. அச்சில் இடம் வலமாக மாறி விழும் என்று தெரிந்திருந்தும் போட்டோவைப் பார்த்து அப்படியே கீறிவிட்டேன். மரமோ வீடோ என்றால் பரவாயில்லை, முகத்தில் வகிடும் மச்சமும் கோணல் சிரிப்பும் பக்கம் மாறினால் ஆளே வேறு. போட்டோவை போனிலேயே திருப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

அதற்கு முன் சொந்த முகத்தில் பழகலாம். கண்ணாடி பார்த்துக் கீறியது அச்சில் மறுபடி திரும்பி, மற்றவர்கள் காணும் உங்கள் முகமாக வரும். பெரிய தகடு வேண்டாம், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630 இல் கண்ணை உருட்டிச் செய்த சுயமுகம் 5 சென்ரிமீற்றர் உயரம்தான். கொழும்பில் பழைய சோனகத் தெருப் பக்கம் செப்புத் தகட்டின் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். தகட்டை மேசையில் படுக்க வைத்து, குனிந்து கீறினால் நெற்றி நீண்டுவிடும், எனக்கு நீண்டது. பிரித்தானிய ஓவியர் லூசியன் பிராய்ட் தகட்டை ஓவியம் வைக்கும் தாங்கியில் (easel) நிமிர்த்தி வைத்துத்தான் கீறினாராம்.

சரி, எனக்குப் புள்ளி போன இடம் பெரிக் குளோரைட் தட்டு, அதாவது செப்பை அரிக்கும் கரைசல் இருக்கும் தட்டு. கண்ணுக்குக் கீழே உள்ள மெல்லிய சுருக்கத்தையும் சேலைக் கரையையும் ஒன்றாக 25 நிமிடம் ஊறப்போட்டேன். சுருக்கமெல்லாம் வாய்க்கால் வெட்டியது போல வந்தது. சுரண்டி, தேய்த்து மினுக்கவே இரண்டு நாள், அப்படியும் கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. செய்திருக்க வேண்டியது இதுதான்: மெல்லிய கோடுகளுக்குப் போதுமான நேரம் வைத்து எடுத்து, கழுவி, காயவிட்டு, அந்தக் கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மீதியைத் திரும்ப உள்ளே போடுவது. எத்தனை நிமிடம் என்று புத்தகத்தைக் கேட்காதீர்கள், குளிர்நாட்டுக் கணக்கு கொழும்புச் சூட்டுக்குச் சரிவராது, சூடான கரைசல் வேகமாகத் தின்னும். அதே செப்பில் ஒரு துண்டை எடுத்துக் கோடுகள் கீறி, கரைசலில் போட்டு, 2, 4, 8, 16 நிமிடம் என்று படிப்படியாக மூடிப் பாருங்கள். கரைசல் பழசானால் வேகம் குறையும், அப்போது திரும்பவும் ஒரு துண்டு. தகட்டைக் கீறிய பக்கம் கீழே வருமாறு சின்னக் கட்டைகளில் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கழிவு கோட்டுக்குள்ளேயே படிந்து நின்றுவிடும்.

வாய்மொழிப் பரீட்சையில் என்னிடம் முதலில் கேட்டது பழுதான பிரதிகளை. நான் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருந்தேன்! ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தாள். அச்செடுக்க நனைத்த தாளைப் பொலித்தீனில் சுற்றி இரவு ஒன்று வைக்கலாம், கூட வைத்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும். என் நாலாவது பிரதியில் அது சரியாக அம்மம்மாவின் நெற்றியிலேயே பூத்திருந்தது.