ஸ்பிரிங் போனா வாங்கிக்கலாம், ஃப்ரேம் போனா?

நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் லைசென்ஸோட பிஸ்டல் வெச்சிருக்கறவங்க கொஞ்சம் பேருதான், பழைய மிலிட்டரிக்காரங்க, பர்கூர் பக்கம் கிரானைட் பிசினஸ் பண்றவங்க, அப்பா தாத்தா காலத்துல இருந்து கைமாறி வந்த துப்பாக்கிய வெச்சிருக்கற மாந்தோப்புக்காரங்கன்னு ஒரு சின்ன கூட்டம். இவங்கள்ல நான் பாத்தவரைக்கும் முக்காவாசி பேரு பேரலை உள்ளயும் வெளியவும் கண்ணாடியாட்டம் தொடச்சு வெச்சிருப்பாங்க, ஆனா உள்ள இருக்கற ரீகாயில் ஸ்பிரிங்க (சுட்டதும் பின்னாடி போற மேல்பாகத்த திரும்ப முன்னாடி தள்ற ஸ்பிரிங்) வெளிய எடுத்து ஒரு தடவகூட பாத்திருக்க மாட்டாங்க. ஆர்மியில ஆர்மரரா, அதாவது துப்பாக்கி ரிப்பேர் பாக்கறவனா இருந்துட்டு வந்து இப்போ ஓசூர் சிப்காட்ல ஒரு ஸ்பிரிங் கம்பெனியில குவாலிட்டி பாக்கறதால எனக்கு இது ரெண்டு பக்கமும் தெரிஞ்ச விசயம், அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதறேன்.

மொதல்ல ஏன் இதுக்கு இவ்ளோ கவலைப்படணும்னு சொல்லிடறேன். அமெரிக்காவுல ஒருத்தனோட ஃப்ரேம் (பிடியும் டிரிக்கரும் இருக்கற அடிப்பாகம்) வெடிச்சுதுன்னா கடைக்குப் போயி வேற துப்பாக்கி வாங்கிடுவான். நம்ம ஊர்ல 80-கள் பாதியிலயே தனியாளுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிய நிறுத்திட்டாங்க, பேரு வாங்கின ஸ்போர்ட்ஸ் ஷூட்டர்களுக்கு மட்டும்தான் அந்த வழி இருக்கு. அதனால ஒரு பழைய வால்தரோ கோல்ட்டோ வெப்லியோ கையில இருந்தா அது லட்சக்கணக்குல போகுது, அதோட நம்பர் லைசென்ஸ்ல ஏறி இருக்கு. ஸ்பிரிங் தேயற சாமான், மாத்திக்கறதுக்குன்னே இருக்கறது. ஃப்ரேம் அப்படி இல்ல, அதுல விரிசல் விழுந்தா அந்தப் பிஸ்டலோட கதை அதோட முடிஞ்சுது. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்பறம் ஒரு ஆளு ரெண்டு துப்பாக்கிதான் வெச்சுக்கலாம்னு வந்துடுச்சு (முன்னாடி மூணு), அதனால இருக்கறத பத்திரமா பாத்துக்கறது இன்னும் முக்கியமாயிடுச்சு.

இப்போ சுடும்போது உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கலாம். நம்மகிட்ட அதிகமா இருக்கறது .32 ஏசிபி, 1899-ல ஜான் பிரவுனிங் டிசைன் பண்ணின சின்ன ரவுண்டு, அதாவது தோட்டா. குண்டு 71 கிரெய்ன், அதாவது சுமார் 4.6 கிராம், செகண்டுக்கு ஏறக்குறைய 275 மீட்டர் வேகத்துல போகும். குண்டு எவ்ளோ உந்தத்தோட முன்னாடி போகுதோ அதே உந்தத்தோட ஸ்லைடு (ஃப்ரேம் மேல ஓடற மேல்பாகம்) பின்னாடி தள்ளப்படுது, இந்த சைஸ் பிஸ்டல் பெரும்பாலும் புளோபேக், பேரலை லாக் பண்றதுக்குன்னு ஒண்ணும் கிடையாது, ஸ்லைடோட வெயிட்டுதான் லாக்கு. ஸ்லைடு கால் கிலோன்னு வெச்சுக்கிட்டா கணக்குப்படி செகண்டுக்கு அஞ்சு மீட்டர் வேகத்துல பின்னாடி வருது. சின்னதா தெரியும், ஆனா ஒரு கால் கிலோ இரும்பு அந்த வேகத்துல ஃப்ரேம்ல வந்து மோதுறத யோசிச்சுப் பாருங்க. ஹேமர பின்னாடி சாச்சு காக் பண்றதுல கொஞ்சம் சக்தி போகும், ஸ்பிரிங்க அமுக்கறதுல கொஞ்சம் போகும், உரசல்ல கொஞ்சம் போகும், மீதி மொத்தமும் ஃப்ரேம் மேலதான்.

இதுல ஒரு கணக்க மனசுல வெச்சுக்கணும். வேகம் பத்து பர்சென்ட் ஏறினா மோதற சக்தி இருபத்தோரு பர்சென்ட் ஏறும், ஏன்னா அது வேகத்தோட ஸ்கொயர்ல போகுது. அதனால எங்கயோ கெடச்சுதுன்னு சூடான லோடு, அதாவது வேகம் அதிகமான தோட்டா போட்டுட்டு அதுக்கு ஈடா ஸ்பிரிங்க மட்டும் டைட் பண்ணிக்கலாம்னு நெனைக்கறது நடக்காத காரியம், ஸ்பிரிங்கால வாங்கிக்க முடியற பங்கு அவ்ளோ பெருசு கிடையாது.

டைட்டா ஸ்பிரிங் போடறதப் பத்திதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. எல்லாரும் ரீகாயில் ஸ்பிரிங்க பைக்கோட ஷாக் அப்சார்பர் மாதிரி நெனைச்சுக்கறாங்க. ஷாக் அப்சார்பர்ல ஆயில் இருக்கு, அது அடிய சூடா மாத்தி அங்கயே முடிச்சுடும். வெறும் ஸ்பிரிங்கு அப்படி பண்ணாது, வாங்கினத அப்படியே வெச்சிருந்து திருப்பிக் குடுத்துடும். பின்னாடி போகும்போது ஸ்பிரிங் எவ்ளோ வாங்குதோ அத்தனையும் ஸ்லைட முன்னாடி தள்ளும்போது திரும்ப வருது, பின்னாடி அடி கொறஞ்சா முன்னாடி அடி ஏறும். முன்னாடி அடி எங்க விழும்னா பேரலோட லக்கு (துருத்திக்கிட்டு இருக்கற காது) மேல, ஸ்லைடு ஸ்டாப் பின் மேல, காலி தோட்டாவ இழுக்கற எக்ஸ்ட்ராக்டர் மேல. கோல்ட் 1911 மாடல் மாதிரி பிஸ்டல்ல தோட்டாவோட அடிய குத்தற ஃபயரிங் பின்னே அந்த வேகத்துல தானா முன்னாடி பாயற அபாயம் உண்டு, அதனாலதான் வுல்ஃப்ங்கற ஸ்பிரிங் கம்பெனிக்காரங்க 1911-க்கு ரீகாயில் ஸ்பிரிங் வித்தா கூடவே ஒரு ஃபயரிங் பின் ஸ்பிரிங்கும் பாக்கெட்ல போட்டுக் குடுக்கறாங்க. அதுமட்டுமில்லாம ஸ்பிரிங் ரொம்ப டைட்டா இருந்தா ஸ்லைடு முழுசா பின்னாடி போகாது, காலி தோட்டா சரியா வெளிய விழாது, கடைசி ரவுண்டுக்கு அப்பறம் ஸ்லைடு நிக்காது, மேகசின்ல அடுத்த ரவுண்டு மேல ஏறி வர்றதுக்குள்ள ஸ்லைடு முன்னாடி போயிடும். உயிருக்காக வெச்சிருக்கற ஆயுதம் இப்படி சிக்கிச்சுன்னா அப்பறம் எதுக்கு அது.

இன்னொண்ணு, இது ஸ்பிரிங் தொழில்ல இருக்கறவங்களுக்குத்தான் சட்டுன்னு ஒறைக்கும், சாலிட் லெங்த். சுருள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினா ஸ்பிரிங் எவ்ளோ நீளமோ அதுதான் சாலிட் லெங்த். தடிமனான கம்பில அதிக சுத்து போட்ட ஸ்பிரிங்க உள்ள விட்டா ஸ்லைடு முழுசா பின்னாடி போறதுக்கு முன்னாடியே சுருள் எல்லாம் இறுகி இரும்புக் குழாயா நின்னுடும், அப்போ அடி நிக்கவேண்டிய எடத்துல நிக்காம ஸ்பிரிங்குக்குள்ள இருக்கற கைடு ராடு மேலயும் ஸ்லைடோட மூக்கு மேலயும் விழும். பவுண்டு கணக்கு மட்டும் பாத்து வாங்கறவங்க இத பாக்கறதே இல்ல. 1911 .45-க்கு 16 பவுண்டுன்னா ஸ்லைடு முழுசா பின்னாடி இருக்கும்போது வர்ற லோடு அது, அந்தப் பிஸ்டலோட அளவுக்குத்தான் அந்த நம்பர் பொருந்தும்.

போன வருசம் காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் அவரோட வெப்லி அண்ட் ஸ்காட் .32-வ எடுத்துக்கிட்டு வந்தாரு, 1911-ல லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் எடுத்துக்கிட்ட அதே மாடல், அவங்கப்பா வாங்கினது. "கண்ணு, இதுக்கு ஸ்பிரிங் கொஞ்சம் டைட்டா மாத்த முடியுமான்னு பாரு, அடி வாங்காம இருக்கும்"னாரு. மேகசின வெளிய எடுத்து, சேம்பர்ல (தோட்டா உக்கார்ற அறை) வெரல விட்டுப் பாத்து, சுவத்துப் பக்கமா திருப்பி வெச்சு, டிரிக்கர் கார்ட இழுத்துவிட்டு ஸ்லைட எடுத்தேன், இந்த வெப்லியில அந்தக் கார்டேதான் கழட்டற பிடி. பேரலுக்குக் கீழயும் சுத்தியும் எங்கயும் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வலது பக்கத்து வல்கனைட் கிரிப்ப ஸ்குரூ கழட்டி ரொம்ப மெதுவா தூக்கினேன், நூறு வருசத்துப் பொருள், கொஞ்சம் நெம்பினாலும் பிஸ்கட்டாட்டம் உடையும். உள்ள வி ஷேப்புல ஒரு பட்டை ஸ்பிரிங், அதுதான் ரீகாயில் ஸ்பிரிங்கு. அந்த வி மடங்கற எடத்துல பழைய எண்ணெய் தேன் நிறத்துல கெட்டியா ஒறைஞ்சு கெடந்துச்சு, அதுக்குக் கீழ ஊசி முனை அளவுக்கு துரு. துருப்புள்ளி விழற எடத்துலதான் இந்த மாதிரி ஸ்பிரிங் ஒடியும். ஃப்ரேம்ல ஸ்லைடு மோதற முகத்த டார்ச் அடிச்சுப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. "பெரியப்பா, ஃப்ரேமுக்கு ஒண்ணும் ஆகல, டைட் பண்றதுக்கு இதுல எடமும் இல்ல, துருவ எடுத்து எண்ணெய் போட்டா போதும், ஆனா இதே ஸ்பிரிங்கு ஒடிஞ்சா கெடைக்கறது கஷ்டம், அதனால சும்மா சும்மா ஸ்லைட இழுத்து டப்புன்னு விடாதீங்க"ன்னு சொன்னேன். அவரு வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு எல்லாம் அப்படித்தான் இழுத்துவிட்டுக் காமிப்பாராம்.

அது நெறைய பேரு பண்றது. காலி சேம்பர்ல ஸ்லைட விடும்போது மேகசின்ல இருந்து ரவுண்டு உருவற வேலை கிடையாது, அதனால வேகத்த கொறைக்க ஒண்ணுமே இல்லாம முழு அடியும் பேரல் லக்குல விழுது. நம்ம மாதிரி லைசென்ஸ்காரங்க வருசத்துக்கு சுடற ரவுண்டு ரொம்பக் கம்மி, சுட்டுத் தேயறதவிட இப்படி கையால தேயறதுதான் அதிகம்னு நான் நெனைக்கறேன். கையால பிடிச்சு மெதுவா விடுங்க.

நீங்களே பாக்கணும்னா எங்க பாக்கறதுன்னு சொல்றேன். ஸ்லைட கழட்டிட்டு ஸ்லைடும் ஃப்ரேமும் மோதற ரெண்டு முகத்தையும் பாருங்க. லேசா பளபளப்பா தேஞ்சிருந்தா அது சகஜம். அந்த முகத்தோட விளிம்புல இரும்பு நசுங்கி வெளிய பிதுங்கி, நகத்த வெச்சு இழுத்தா தட்டுப்பட்டா, அடி அதிகமா விழுதுன்னு அர்த்தம். ஸ்லைடு ஓடற தடமான ரெயிலோட முனையில, ஸ்லைடு ஸ்டாப் ஓட்டைக்கு மேல மெல்லிசா இருக்கற எடத்துல முடி மாதிரி கோடு தெரிஞ்சா அன்னையோட சுடறத நிறுத்திடுங்க. ஸ்பிரிங்க புது ஸ்பிரிங் பக்கத்துல வெச்சு நீளத்தப் பாருங்க, நல்லா குட்டையாயிருந்தா செட் ஆயிடுச்சு, அதாவது தளந்துடுச்சு, மாத்துங்க. புது ஸ்பிரிங்கும் மொதல் சில ரவுண்டுல கொஞ்சம் குட்டையாகும், அதுக்கு பயப்பட வேண்டாம். ஸ்போர்ட்ஸ்லயோ டிபார்ட்மென்ட்லயோ குளோக் வெச்சிருக்கற பசங்க ஒரு சோதனை பண்ணுவாங்க, காலி பிஸ்டல மேல 45 டிகிரியில பிடிச்சு, டிரிக்கர அமுக்கினபடியே ஸ்லைட இழுத்து மெதுவா முன்னாடி விடணும், முழுசா மூடாம நின்னுச்சுன்னா ஸ்பிரிங் போச்சு.

பெரிய படைகளே இத பட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. 1985-ல அமெரிக்க ராணுவம் பெரெட்டா 92-வ எடுத்துக்கிட்டாங்க, அதுக்கப்பறம் கொஞ்ச வருசத்துலயே சிலதுல ஸ்லைடு ஒடிஞ்சு பின்பாதி சுடறவங்க மூஞ்சில வந்து அடிச்சுது, அப்பறம்தான் ஒடிஞ்சாலும் பின்னாடி பறக்காத மாதிரி ஹேமர் பின்னோட தலைய பெருசாக்கி 92எஃப்எஸ்னு விட்டாங்க. ஹெக்லர் அண்ட் கோக் 1993-ல யுஎஸ்பி விடும்போது ரீகாயில் ஸ்பிரிங் கூடவே தனியா ஒரு பஃபர் அமைப்ப வெச்சாங்க, ஸ்லைடு கடைசி தூரத்துல அதுமேல போய் உக்காரும், கையில தெரியற உதைப்பு முப்பது பர்சென்ட் கொறையுதுன்னு அவங்களே சொல்றாங்க. என்னைக் கேட்டா இதுதான் சரியான யோசனை, ஸ்பிரிங்க இறுக்காம அடிய விழுங்கறதுக்குன்னு தனியா ஒண்ணு வைக்கறது. 1911-ல இன்னொரு அழகான வழி இருக்கு, ஃபயரிங் பின் ஸ்டாப்போட அடி விளிம்பு. மொதல்ல வந்த துப்பாக்கியில அந்த விளிம்பு ரொம்ப சின்ன வளைவா இருந்துச்சு, கையால காக் பண்ண கஷ்டமா இருக்குன்னு பின்னாடி பெருசா வளைச்சுட்டாங்க. சின்ன வளைவா இருந்தா ஸ்லைடு ஹேமர பொரட்டறதுக்கு ஆரம்பத்துலயே அதிகமா போராடணும், அங்கயே வேகம் கொறைஞ்சுடும், அது முன்னாடி அடியா திரும்பி வராது.

ராணுவத்துல நாங்க பாத்த 9 எம்எம் 1ஏ, இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரில செஞ்சது, பிரவுனிங் ஹை பவரோட வாரிசு. 9 எம்எம் ரவுண்டோட உந்து சக்தி .32-வோட ரெண்டு மடங்குக்கு மேல வரும், அதனால அதுல பேரல் லாக் ஆகி ஸ்லைடோட கொஞ்ச தூரம் சேந்து வந்து அப்பறம் கீழ எறங்கும். அங்க ஸ்பிரிங்க ரவுண்டு கணக்குப் பாத்து மாத்தற பழக்கம் இருந்துச்சு. 9 எம்எம் நம்மளுக்கு தடை செஞ்ச போர் (குழல் அளவு), சிவிலியனுக்கு கெடையாது, ஆனா அந்தப் பழக்கத்த நாம எடுத்துக்கலாம், ஒரு சின்ன நோட்டுல சுட்ட ரவுண்ட எழுதி வெச்சுக்கிட்டா போதும்.

பாலியூரித்தேன் பஃபர் வாஷர் கைடு ராடுல மாட்டறது உண்டு. ரேஞ்சுக்குப் போற பசங்களுக்கு நல்லது, பார்டினி, வால்தர் ஜிஎஸ்பி மாதிரி டார்கெட் பிஸ்டல்ல கம்பெனியே பஃபர் வெச்சுத்தான் குடுக்குது, அது நசுங்கினதும் மாத்தணும். ஆனா பாதுகாப்புக்கு வெச்சிருக்கற பிஸ்டல்ல வெளியில வாங்கி மாட்டாதீங்க, அது ஸ்லைடு போற தூரத்த கொஞ்சம் கொறைச்சுடும், பிஞ்சு துணுக்கு உள்ள சிக்கிச்சுன்னா அவசரத்துல சுடாது.

ஓசூர்ல எந்தப் பட்டறையிலயும் ஒரு ஸ்பிரிங்க சுத்திக் குடுத்துடுவாங்கன்னு நெனைச்சு யாரும் சாம்பிள தூக்கிக்கிட்டு வராதீங்க, எங்க கம்பெனிக்கும்தான். துப்பாக்கி பாகம் செய்யறதுக்குத் தனி லைசென்ஸ் வேணும், லைசென்ஸ் இருக்கற ஆர்ம்ஸ் டீலர் மூலமா போங்க.

நம்ம பக்கத்துக்குன்னு ஒரு எதிரி இருக்கு, கிரானைட் தூசி. குவாரி பக்கம் குடியிருக்கறவங்க ரெயிலுக்கு கிரீஸ் அப்பி வெச்சா அந்தத் தூசி அதுல ஒட்டி அரைச்சு எடுத்துடும். ரெயில்ல மெல்லிசா எண்ணெய், தொட்டா வெரல்ல ஈரம் தெரியற அளவு, அவ்ளோதான். சித்திரை வைகாசி வெயில்ல அது சீக்கிரம் காஞ்சுடும், மாசத்துக்கு ஒருக்கா தொடச்சு புதுசா போடுங்க.

கடைசியா எலெக்‌ஷன் டெபாசிட். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கச் சொல்றாங்க, 2024-ல ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை, அதுக்கும் முன்னாடி பின்னாடின்னு ரெண்டு மாசத்துக்கு மேல நம்ம கையில இருக்காது. குடுக்கறதுக்கு முன்னாடி மேகசின் காலி, சேம்பர் காலி, ஹேமர் எறக்கி, உள்ளயும் வெளியவும் எண்ணெய் கொஞ்சம் தாராளமா போட்டு, தோல் உறையில வைக்காம துணியில சுத்திக் குடுங்க, தோலு ஈரத்த இழுத்து வெச்சுக்கும். ரசீதுல நம்பர் சரியா இருக்கான்னு அங்கயே பாத்துக்குங்க. திரும்பி வந்ததும் ஸ்லைட இழுத்து இழுத்துப் பாக்கணும்னு கை துறுதுறுங்கும், காலியான்னு பாக்க ஒரு தடவ மெதுவா இழுத்துப் பாத்தா போதும், அப்பறம் கழட்டி, காஞ்ச எண்ணெய தொடச்சு, ஸ்பிரிங்க வெளிய எடுத்து துரு இருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க.