டயரைப் பார்க்காமல் வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள்

வாடகை பைக்கில் சேற்றுப் பாதை ஓட்டப் போய்விட்டு, நேற்று இரவு வீடு வந்து சேர மணி பத்தரை. பூட்ஸுக்குள் புகுந்த சேறு இன்னும் காயவில்லை, வலது தோளைத் தூக்க முடியவில்லை, வாடகைக்கு வண்டி கொடுத்தவர்கள் முன்பணத்தை முழுசாகத் திருப்பித் தரவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது, என்னென்ன எடுத்துப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். முடிந்தவரை பார்க்கிறேன்.

ஆறு பேர், ஆறு வண்டி. இரண்டு நாள் விடாமல் அடித்த மழை ஓய்ந்த மறுநாள். தார் ரோட்டில் போன முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தார் முடிந்து மண் பாதை தொடங்கிய இடத்தில்தான் நாளே தொடங்கியது.

இரண்டு பக்கமும் வேலி. நடுவில் ஒரு டிராக்டர் போகிற அகலம். டிராக்டர் போய்ப் போய் இரண்டு பள்ளத் தடம் விழுந்து, நடுவில் புல் மேடு மட்டும் மிஞ்சியிருந்தது. தடம் முழுக்கத் தண்ணீர், அதற்கடியில் களிமண். எங்களைக் கூட்டிப் போன அண்ணன் இந்த மாதிரிப் பாதைகளில் பல வருடமாக ஓட்டுகிறவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பையிலிருந்து காற்றழுத்தம் பார்க்கிற கேஜை எடுத்தார். "எல்லாரும் காத்தை இறக்குங்கப்பா. 18க்குக் கொண்டு வாங்க."

ரோட்டுக்கு 28, 30 பிஎஸ்ஐ வைத்திருப்போம். காற்றைக் குறைத்தால் டயர் சப்பையாகி மண்ணில் உட்காரும் பரப்பு கூடும், பிடி கிடைக்கும். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடக் கூடாது. கல்லில் ஏறும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ரிம்மும் சேர்ந்து நெளியலாம்.

ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் வண்டிக்கு வந்ததும் குனிந்து டயரைத் தடவினார். "தம்பி, இது ரோட்டு டயரு."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வாடகைக்குப் பேசும்போது அனுப்பிய படத்தில் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர் இருந்தது. அதை நம்பித்தான் முன்பணம் கட்டினேன். விடியற்காலை இருட்டில் சாவியைக் கையில் கொடுத்தபோது எஞ்சின் ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தேனே தவிர, டயர் பக்கம் கண் போகவில்லை. கொஞ்சம் கூடுதல் வாடகைக்கு இன்னோர் இடத்தில் நல்ல வண்டி கிடைத்தது. மாதக் கடைசி என்று யோசித்து இதை எடுத்தேன். அந்த மிச்சம் அன்றைக்கே போய்விட்டது.

சேற்றில் டயர் என்ன செய்கிறது என்று நேற்றுதான் கண்ணால் பார்த்தேன். பட்டன் டயரில் கட்டைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற அந்த இடைவெளியில் ஏறிய மண் தெறித்து வெளியே போய்விடும். ரோட்டு டயரின் வரிகளில் ஏறிய களிமண் அங்கேயே அப்பிக்கொள்ளும். ஐம்பது மீட்டர் போவதற்குள் டயர் வழவழவென்று ஆகிவிடுகிறது. முதல் சரிவிலேயே பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடி, வண்டியும் நானும் புல் மேட்டில் சாய்ந்தோம். அடுத்த வளைவில் இன்னொரு தடவை.

அதைவிட மோசம் முன் மட்கார்டு. ரோட்டு வண்டிகளில் மட்கார்டு டயரை ஒட்டியே இருக்கும். சேற்றுக்கென்று செய்கிற வண்டிகளில் அது ஏன் கொக்கு மூக்கு மாதிரி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் யோசித்ததே கிடையாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் ஏறி ஏறிக் கெட்டித்து, கடைசியில் முன்சக்கரம் சுற்றவே இல்லை. பிரேக் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. குச்சியை விட்டு நோண்டி எடுத்தேன், இருநூறு மீட்டர் போனேன், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அண்ணன் ஸ்பேனரோடு வந்து உட்கார்ந்தார். நாலு போல்ட். மட்கார்டைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டோம். அதற்கப்புறம் சேறு நேராக முகத்துக்கு வந்தது, ஆனால் சக்கரம் சுற்றியது.

இவ்வளவு விழுந்தும் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இதை நான் மறக்க மாட்டேன். குழுவாகப் போகும்போது யாரும் தொலையாமல் இருக்க அண்ணன் ஒரு முறை வைத்திருக்கிறார். முன்னால் போவது அவர், கடைசியில் வருவது அனுபவமுள்ள இன்னொருவர். இந்த இரண்டு பேரும் மாறவே மாட்டார்கள். பாதை பிரிகிற இடம் வந்தால் அண்ணனுக்குப் பின்னால் வருகிறவர் அங்கே நின்று, திரும்ப வேண்டிய பக்கத்தைக் கை காட்ட வேண்டும். எல்லோரும் கடந்து, கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகுதான் நகரலாம். அடுத்த பிரிவில் அடுத்தவர். இதனால் முன்னால் போகிறவரைத் துரத்திப் பிடிக்கிற அவசரம் யாருக்கும் இல்லை. பயத்தில் வேகம் கூட்டி விழுகிற வேலையும் இல்லை. ஆறு பேருக்கு மேல் கூட்டிப் போவதில்லை என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார். ஆள் கூடினால் காத்திருப்பும் கூடும், அந்தப் பாதையை நம்பி வாழ்கிறவர்களுக்குத் தொல்லையும் கூடும். எதிரில் மாடு வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு அது கடக்கும்வரை நிற்கச் சொன்னார். ஈரமான வயலுக்குள் ஒருவரும் சக்கரத்தை வைக்கக் கூடாது என்பதையும் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். அது யாரோ உழுது விதைத்த மண்.

நடுவில் ஓர் ஓடை. அண்ணன் முதலில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து பார்த்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர், அடியில் உருண்டைக் கல். ஒவ்வொருவராக, ஒரே சீராக ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். நாலாவதாக வந்தவர் நட்டநடுவில் கல்லில் தடுக்கிச் சாய்ந்தார். வண்டி தண்ணீருக்குள் படுத்தது. அவர் எழுந்ததும் செல்ஃப் பட்டனுக்குக் கை கொண்டு போனார். "அமுக்காதே!" என்று கரையிலிருந்து அண்ணன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்று மாதிரி அது அமுங்கிக் கொடுக்காது. அந்த நிலையில் எஞ்சினைச் சுற்றவிட்டால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் எஞ்சினைப் பிரிக்கிற செலவு. வண்டியைக் கரைக்குத் தள்ளி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, செல்ஃபை விட்டு விட்டு அமுக்கினோம். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்து உதறி, அதன் பெட்டிக்குள் நின்ற தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து எஞ்சின் இருமி இருமிப் பிடித்தபோது ஆறு பேரும் கத்திய கத்தலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் பறந்துவிட்டது.

மதியத்துக்கு மேல் ஒரு நண்பர் தன் வண்டியின் சாவியை என்னிடம் நீட்டினார். "நீ இதை ஓட்டு. உன் வண்டியை நான் பாத்துக்கிறேன்." இருபது வருடம் பழைய வண்டி. முன்சக்கரம் 21 அங்குலம், பட்டன் டயர், என் வாடகை வண்டியைவிடக் கண்டிப்பாக நாற்பது கிலோ குறைவு. நண்பர்களே, அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதே சேறு, அதே தடம், அதே நான். ஆனால் வண்டி போகிறது!

கால் வைக்கிற ஃபுட்பெக்கில் எழுந்து நின்றேன். முழங்காலைத் தளர்த்தி, இரண்டாவது கியரிலேயே விட்டேன். "முன்சக்கரத்தைப் பாக்காதே, இருபது மீட்டர் தள்ளிப் பாரு" என்று காலையிலிருந்து அண்ணன் சொன்னது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. ஹேண்டில் பார் கையில் ஆடுகிறது, ஆடட்டும். பின்சக்கரம் அலைகிறது, அலையட்டும். இறுக்கிப் பிடித்து அதை நேராக்கப் போனால்தான் விழுகிறோம். நடுங்குகிற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடாமல் லேசாகக் கொடுத்தால் வண்டி தானாக நிமிர்ந்துகொள்கிறது. காலையில் விழுந்த அதே மாதிரிச் சரிவில், முன் பிரேக்கைத் தொடாமல், எஞ்சின் பிடியிலேயே கீழே இறங்கினேன். தலைக்கவசத்துக்குள் நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருடம் வண்டி ஓட்டியும் இப்படி ஒரு மகிழ்ச்சி எனக்குக் கிடைத்ததில்லை.

நண்பர் என் வண்டியில் நாலு தடவை விழுந்தார். ஒருமுறை கிளட்ச் லீவர் நுனி உடைந்தது. லீவரை ஹேண்டில் பாரோடு பிடித்து வைக்கிற கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்வாக வைத்திருந்தால், விழும்போது லீவர் உடையாமல் சுழன்று கொடுத்திருக்கும். பக்கக் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டுத்தான் இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் காசு மிச்சம்.

இப்போது அந்த முன்பணம். மட்கார்டைத் திரும்ப மாட்டி, வண்டியைக் கழுவித்தான் கொண்டுபோய் விட்டேன். லீவருக்குக் காசு பிடித்தது நியாயம், அதை நான் மறுக்கவில்லை. சைலென்சரில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கும், முன்பே விரிசல் விட்டிருந்த ஹெட்லைட் கண்ணாடிக்கும் என்னிடம் பிடித்ததுதான் அநியாயம். காலையில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. ரோட்டு டயர் கொடுத்ததைச் சொன்னால், "படம் மாதிரிக்காகப் போடுவது" என்கிறார்கள். இது ஏமாற்று வேலை. சாவி வாங்குமுன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். டயரையும் சேர்த்து எடுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவற்றை வரிசையாகத் தருவதாகச் சொன்னேன் அல்லவா? பூட்ஸும் தலைக்கவசமும் நல்லதாக இருக்க வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. விலை உயர்ந்த ஜாக்கெட் வேண்டாம், சேற்றில் எல்லாம் ஒரே நிறம்தான். பிளக் ஸ்பேனர், கை பம்ப், கேஜ், ஓர் உபரி ட்யூப், உபரி லீவர், நீளமான கயிறு போதும். குழுவில் ஒருவரிடம் இருந்தால்கூடப் போதும். வண்டி கழுவும்போது பிரஷர் தண்ணீரை வீல் பேரிங் மேல் நேராக அடிக்காதீர்கள்.

அடுத்த மாதம் மறுபடி போவதாக அண்ணன் காலையில் செய்தி அனுப்பியிருந்தார். நான் வருகிறேன் என்று உடனே பதில் போட்டுவிட்டு, வேறோர் இடத்தில் வாடகைக்கு விசாரித்தேன். டயரின் படம் மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டேன். பெட்ரோல் டேங்கின் படம் வந்திருக்கிறது. மறுபடியும் கேட்டிருக்கிறேன்.