ஒரு மணி நேரத்தில் மூவர்

அன்றிரவு நோயாளிகள் வந்த விதம் வழக்கத்துக்கு மாறானதா என்பதுதான் மருத்துவமனை நிர்வாகம் புள்ளியியலாளனான என்னிடம் எழுத்தில் கேட்ட கேள்வி. மாறானது அல்ல என்று பதில் எழுதிக் கொடுத்தேன். கணக்கைப் பொறுத்தவரை அந்தப் பதிலில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, இரவுப் பணிக்குப் பொறுப்பான செவிலியர் பதிவேட்டு அறையின் வாசலில் நின்று கேட்டது இன்னும் என்னை விடவில்லை. “எம்மேல தப்பு இல்லன்னு எழுதிட்டிய சார், அது சரி. ஆளு பத்தாதுன்னு ஒரு வரி எழுதலியே?”

அவசரப் பிரிவுப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒன்பதே முக்காலுக்கு ஒருவர். அதன் பிறகு ஒன்று பத்து, ஒன்று இருபத்தைந்து, ஒன்று ஐம்பது என்று அடுத்தடுத்து மூன்று வரிகள். மூன்றாவது வரியில் கையெழுத்து மாறியிருக்கிறது. ஒன்று பத்துக்கு வந்தது களக்காட்டுப் பக்கத்துப் பாம்புக்கடி. இரண்டு மில்லி இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்தைச் சொட்டாக ஏற்றி, ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர்கள் இருவர். ஒருவர் அங்கேயே நின்றுவிட்டார். மூன்றாவதாக வந்தவர் காத்திருக்க நேர்ந்தது. அவர் குணமாகித்தான் வீடு திரும்பினார் என்றாலும், உடன் வந்தவர்கள் புகார் எழுதிவிட்டுப் போனார்கள். விசாரணை செவிலியரை நோக்கித் திரும்பிய நேரத்தில்தான் என் குறிப்பு கேட்கப்பட்டது.

நான் எழுதியது இவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேர இரவுக்குச் சராசரியாக மூன்று பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வருவது மற்றவர் வருவதைப் பாதிக்காது. எந்த நேரத்திலும் வரக்கூடும். புள்ளியியலில் பாய்சான் செயல்முறை என்று சொல்வதன் அடிப்படை இது. சராசரி இடைவெளி நான்கு மணி நேரம் என்றவுடன், நான்கு மணிக்கு ஒருவராக வரிசையாக வருவார்கள் என்று மனம் எதிர்பார்க்கிறது. உண்மையில் இந்த இடைவெளிகள் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றுகின்றன, அதாவது குறுகியவை மிகுதி, நீண்டவை அரிது. அவற்றில் நூற்றுக்கு 63 சராசரியைவிடக் குறைவானவை, 22 ஒரு மணி நேரத்துக்கும் குறைவானவை. கடைசி நோயாளி வந்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது என்பதால் அடுத்தவர் சீக்கிரம் வந்துவிடப் போவதுமில்லை, இப்போதுதான் ஒருவர் வந்தார் என்பதால் அடுத்தவர் தாமதிக்கப் போவதுமில்லை. இரவுகளை மணி மணியாகக் கூறுபோட்டுப் பார்த்தால், மூவரோ அதற்கு மேலோ வந்து சேரும் மணிகள் ஓர் ஆண்டில் ஒன்பது பத்தாவது தேறும். ஆகவே அன்றிரவு நடந்ததற்குச் சமவாய்ப்பே, அதாவது தற்செயலே, போதுமான விளக்கம். பணியில் இருந்தவர்களின் குறை எதையும் அதிலிருந்து ஊகிக்க முடியாது.

அந்தக் கடைசி வரி செவிலியரைக் காப்பாற்றியது. அதே வரி நிர்வாகத்தையும் காப்பாற்றியது. யார் மேலும் தவறில்லை, தற்செயல்தான் என்று கோப்பு மூடப்பட்டது. மூன்றாவது செவிலியர் வேண்டும் என்று அவர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கையும் அதோடு சேர்ந்து மூடப்பட்டது.

அவருக்கு விளக்கிவிடலாம் என்று நான் லண்டன் கதையைச் சொன்னேன். 1944இல் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் சில பகுதிகளைக் குறிவைத்தே விழுகின்றன என்று அந்நகரில் பலர் நம்பினார்கள். காப்பீட்டுக் கணிப்பாளர் ஆர். டி. கிளார்க் தென் லண்டனின் 144 சதுர கிலோமீட்டரை 576 கட்டங்களாகப் பிரித்து, 537 குண்டுகளை எண்ணி, 1946இல் வெளியிட்டார். ஒரு குண்டும் விழாத கட்டங்கள் 229. பாய்சான் சூத்திரம் எதிர்பார்த்தது ஏறத்தாழ 227. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “குண்டு கண்ட இடத்துல விழும் சார். இங்க வாறவுக ஒவ்வொருத்தரும் ஒரு காரணத்தோடல்லா வாறாவ.”

அதற்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. 1898இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களைக் கணக்கெடுத்தார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், 122 சாவுகள். ஒவ்வொரு குதிரையும் மிரண்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஆயினும் அவர் எடுத்துக்கொண்ட 200 பதிவுகளில் சாவே இல்லாதவை 109, சூத்திரம் சொல்வதும் அதுவே. காரணம் இருப்பது பாய்சானுக்கு இடைஞ்சல் அல்ல. ஒருவருடைய காரணம் இன்னொருவருடையதோடு தொடர்பில்லாமல் இருந்தால் போதும். பெரிய மக்கள்தொகையில் ஒவ்வொருவருக்கும் மிகச் சிறிய வாய்ப்பு இருந்தால், தனித்தனிக் காரணங்கள் ஒன்றுசேர்ந்து இந்தப் பரவலையே தருகின்றன.

ஆனால் நம் பக்கத்தில் காரணங்கள் தனித்தனியாகவா இருக்கின்றன? கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களுக்கும் வயலில் ஆள் இறங்கும் நாட்களும், ஒரு நல்ல மழைக்குப் பிறகு பாம்புகள் வளையை விட்டு வெளியேறும் நாட்களும் எல்லோருக்கும் பொதுவானவை. 2023 டிசம்பர் 17, 18 போன்ற வெள்ளத்தில் வழி அடைபட்டால் வர வேண்டியவர்கள் வர முடியாமல் நின்று, தண்ணீர் வடிந்ததும் சேர்ந்து வருவார்கள். ஒரே ஷேர் ஆட்டோ கவிழ்ந்தால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் வருவார்கள். பாய்சான் பரவலில் சராசரியும், எண்ணிக்கைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை அளக்கும் பரவற்படியும் சமமாக இருக்க வேண்டும். பிறகு பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது பரவற்படி கூடுதலாகவே இருந்தது. பருவவாரியாகப் பிரித்ததும் வேறுபாடு குறைந்தது, முழுவதும் மறையவில்லை. வருகை வீதமே நிலையாக இல்லாமல் தற்செயலாக மாறும் இத்தகைய செயல்முறையைப் புள்ளியியலாளர் டி. ஆர். காக்ஸ் 1955இல் விவரித்தார். அப்படிப் பார்த்தால் செவிலியர் சொன்னதுதான் துல்லியமான கணித மாதிரிக்கு நெருக்கமானது. அதனால் என் முடிவு தவறாகிவிடவில்லை. மூவர் சேர்ந்து வருவது இன்னும் இயல்பானதாகிறது என்பதால் வலுப்படவே செய்கிறது. இப்படி என்னை நானே தேற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அவர் வாசலில் நின்று கேட்டது வேறு கேள்வி என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கும் விடை நூறாண்டுக்கு முன்பே இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங், அழைப்புகள் பாய்சான் முறையில் வருவதை 1909இல் காட்டியதோடு நிற்கவில்லை. 1917இல், எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்பதற்குச் சூத்திரம் கொடுத்தார். அதே சராசரி மூன்று பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு செவிலியரின் ஒன்றரை மணி நேரம் தேவை என்று வைத்தால், இருவர் பணியில் இருக்கும்போது வருபவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் காத்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஏறத்தாழ 65 பேர். மூவர் பணியில் இருந்தால் ஆண்டுக்கு எட்டுப் பேர். ஒரே பத்தியில் எழுதியிருக்கலாம். கேட்காததை எழுதுவது என் வேலையல்ல என்ற எண்ணமும், புள்ளியியலாளன் ஆள் சேர்ப்பில் தலையிட்டால் அடுத்த முறை அவனுடைய கணக்கையே நம்பமாட்டார்கள் என்ற எண்ணமும் அப்போது நியாயமாகவே பட்டன. இப்போதும் அவை முற்றிலும் நியாயமற்றவை என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஆனால் சமவாய்ப்பே போதுமான விளக்கம் என்று எழுதிய கை, சமவாய்ப்பு என்றால் இது மீண்டும் வரும், நிச்சயம் வரும் என்பதையும் எழுதியிருந்தால், அது தலையிடுவதாகுமா, அந்த வாக்கியத்தையே முடிப்பதாகுமா?

இப்போது பிசான மாதங்களைத் தனியே பிரித்து, காத்திருப்புக் கணக்கோடு புதிய அட்டவணை ஒன்றை, யாரும் கேட்காமலே தயாரித்திருக்கிறேன். இரவுப் பணிக்கு மூவர் வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கிறது. ஆண்டில் ஏறத்தாழ 18 இரவுகளில் ஒருவர்கூட வரமாட்டார் என்பதும் அதே சூத்திரம் தரும் விடைதான். அந்த இரவுகளில் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருப்பதற்கா சம்பளம் என்று நிர்வாகம் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதை எடுத்துவிடச் சொல்லிச் செவிலியரே கேட்டார். எடுக்க மனம் வரவில்லை. காத்திருப்பவர்களின் எண், யாரும் வராத இரவுகளின் எண், இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களிலேயே இருக்கின்றன.